கை காயும் வரை

கிருபை சொன்னது நன்றிதான். கோல்ஃப் ஆட்டத்தின் ஆறாவது குழியை முடித்துவிட்டு ஏழாவதற்கு நடக்கும் வழியில், உடைமர நிழல் துண்டு துண்டாகக் கிடந்த செம்மண் பாதையில், மங்கையர்க்கரசியின் முழங்கையைத் தொட்டு நிறுத்தி, முகமெல்லாம் சிரிப்பாக, "அக்கா, உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்" என்றுதான் ஆரம்பித்தாள். ஆண்கள் இருவரும் மட்டைகள் வைத்த தள்ளுவண்டிகளோடு முன்னால் போயிருந்தார்கள். "வெள்ளிக்கிழமை டாக்டர் பூபாலராயன் சாருக்கு ஆஸ்பத்திரியில வழியனுப்பு விழா வச்சோம்லா, அப்பதான் சார் சொன்னாங்க. லேப் வேலையை முதல்ல உங்களுக்குத்தான் முடிவு பண்ணியிருந்தாங்களாம். உங்க வீட்டு சார் நேர்ல போயி, 'அவளுக்குக் கை வேர்க்கும் டாக்டர், குழாயெல்லாம் நழுவி உடையும், அவளுக்கே இதுல இஷ்டமில்ல, சொல்லச் சங்கடப்படுறா, நீங்களே இடமில்லன்னு சொல்லிடுங்க'ன்னாங்களாம். நீங்க விட்டுக் குடுத்ததாலதாங்க்கா நான் இன்னைக்கு அந்த லேப்ல இருக்கேன்." மங்கை ஏதோ பதில் சொன்னாள். அதுக்கென்னம்மா என்பது போல ஒன்று. வாய் தானாகச் சொல்லிக்கொண்டது. கிருபை அவள் கையைப் பிடிக்கப் போக, மங்கை வழக்கம்போல் கையைப் பின்னுக்கு இழுத்துத் தொப்பியைச் சரிசெய்தாள். யார் கையை நீட்டினாலும் அவளுக்குத் தொப்பியோ, துப்பட்டாவோ, பையின் ஜிப்போ சரிசெய்ய வேண்டியதாகிவிடும்.

"மங்கை, கையைத் தொடச்சிக்கோ. அந்தத் துண்டு இல்ல, டப்பாவுல இருக்கறது" என்று ஏழாவது குழிக்கு முதல் அடி அடிக்கும் ஆட்டமேட்டிலிருந்து அவள் கணவர் சங்கரலிங்கம் குரல் கொடுத்தார். கண்ணாடி ஆலைக் குடியிருப்புக்குத் தெற்கே, தேரிமணல் மேடும் உடைமரமுமாகக் கிடந்த நிலத்தில் எப்போதோ ஒரு மேலதிகாரிக்கு ஆசை வந்து போட்ட கோல்ஃப் மைதானம் அது. புல் பிடிக்காது. குழியைச் சுற்றிப் பச்சைத் தரைக்குப் பதிலாகப் பழைய எஞ்சின் எண்ணெய் கலந்த மணல்தான், பிரவுன் என்பார்கள். வைகாசி பிறந்தால் தம்பதியர் கோப்பை. ஒரு ஜோடிக்கு ஒரே பந்து. கணவன் ஒரு அடி, மனைவி ஒரு அடி, மாற்றி மாற்றி. இந்தத் தடவை இறுதி ஆட்டத்தில் கிருபையும் அவள் கணவன் ஜெயசீலனும் எதிர் ஜோடி. இதுவரை சமம். காலை வெயில்தான், ஆனால் கடலிலிருந்து வரவேண்டிய காற்று நின்றுபோய், மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் இன்னும் கிளம்பாமல், காற்றே இல்லாத அந்த இடைவெளியில் உடம்பு முழுக்க வேர்வை ஊறிக்கொண்டிருந்தது. அவள் டப்பாவைத் திறந்தாள். மொடமொடப்பாகக் காய்ந்த துண்டு. நேற்று அவரே வெயிலில் போட்டு, அவரே மடித்து, மூடி இறுக்கி வைத்தது. முதலில் மணிக்கட்டு, பிறகு உள்ளங்கை, விரல் இடுக்குகளைக் கடைசியில். விரலிலிருந்து ஆரம்பித்தால் முழங்கை வேர்வை மறுபடி இறங்கி வந்துவிடும். இது அவர் கற்றுக் கொடுத்தது. எல்லாமே அவர் கற்றுக் கொடுத்தது. தள்ளுவண்டிக் கைப்பிடியில் காயப் போட்டிருந்த கிளவுஸ் ஒன்றை எடுத்து இடது கையில் மாட்டிக்கொண்டு, கழற்றியதை அதே இடத்தில் மாட்டினாள். அவளுக்கே இஷ்டமில்ல. யாருக்கு? அவளுக்கே. மட்டையைப் பிடித்தாள். பால் டம்ளரைப் பிடிக்கிற மாதிரி பிடி, இறுக்கினா வேர்க்கும் என்பார் அவர். டம்ளரைப் பிடிக்கிற மாதிரியே பிடித்தாள். அடித்தாள். பந்து நேராகப் போய், மணலில் ஒரு தூசிப் புள்ளியாக இறங்கியது. "சபாஷ்" என்றார் அவர்.

அடித்த பிறகுதான் நடை. இரண்டு ஜோடியும் சற்று விலகி விலகி நடந்தார்கள். கிருபை தப்பாகக் கேட்டிருக்கலாம். டாக்டருக்கு வயசாகிவிட்டது, வேறு யாருடைய கதையையோ இவளுடையதாக நினைத்துச் சொல்லியிருக்கலாம். கை வேர்க்கிற பெண்கள் எத்தனை பேர் இல்லை ஊரில். ஆனால் டாக்டருக்கு எப்படித் தெரியும் அவள் கை வேர்ப்பது? நேர்காணலுக்குப் போனபோது அவள் யாரோடும் கை குலுக்கவில்லை. கைக்குட்டையை மடித்து உள்ளங்கையில் வைத்து, அதற்கு மேல் சான்றிதழ் உறையைப் பிடித்துக்கொண்டு, வெறுமனே கும்பிட்டாள். கும்பிடுவதில் ஒரு வசதி, தன் ஈரம் தன் ஈரத்தோடு போய்விடும். அது அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரிந்த வித்தை. பரீட்சைத் தாளில் மை கலைந்துபோகாமலிருக்கக் கைக்கு அடியில் செய்தித்தாள் துண்டு வைப்பது, கோலாட்டத்தில் நழுவாமலிருக்கக் கோலில் நூல் சுற்றுவது, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் சாய்ந்து நிற்பது. பாளையங்கோட்டையில் லேப் டெக்னீசியன் படித்தபோது அதையும் சமாளித்தாள்; பவுடர் போட்ட ரப்பர் உறை, அடிக்கடி மாற்றிக்கொள்வாள், ஒரு குழாய் உடைத்ததில்லை. கல்யாணத்துக்கு முன் வேலை பார்த்த இடத்திலும் உடைத்ததில்லை. கை வேர்ப்பது தெரிந்த ஒரே ஆள் இந்தக் குடியிருப்பில் அவர்தான். முன்னால் குனிந்து, பந்துக்குப் பின்னால் கிடக்கும் சுள்ளியை விலக்கிக்கொண்டிருக்கிறாரே, அவர்.

மணமேடையில் கையைப் பிடித்துக் கொடுத்தபோது அவளுக்கு மயக்கம் வருகிற மாதிரி இருந்தது. பெண் பார்க்க வந்த அன்றிலிருந்து அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தே தூக்கம் கெட்டிருந்தது. அம்மா சேலைத் தலைப்பில் பழைய துணி ஒன்றைச் சொருகிவிட்டு, "கூப்பிட்டதும் அழுத்தித் தொடச்சிக்கோ" என்றிருந்தாள். துடைக்க நேரம் இருக்கவில்லை. பிடித்தார். அவர் முகத்தைப் பார்க்கவே பயம், பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அவர் முகம் மாறவில்லை. மூன்று சுற்று சுற்றி வரும்வரை விடவும் இல்லை. அன்றைக்கு ராத்திரி அவள் கையை விரித்துப் பார்த்து, "இதுக்கா பயந்த? நல்லதுதானே, எங்க போனாலும் நழுவிப் போயிடுவ, நான்தான் கெட்டியா பிடிச்சிக்கணும்" என்றார். அதைச் சொன்ன மனிதருக்காக அவள் எதையும் செய்திருப்பாள். செய்தாள். மாற்றல் வந்த ஊருக்கெல்லாம் போனாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாள். நான்தான் கெட்டியா பிடிச்சிக்கணும். அப்போது அது கொஞ்சலாகக் கேட்டது. அதே வார்த்தைதான், ஒன்றும் கூட்டவில்லை குறைக்கவில்லை. இன்றைக்கு இந்த மணலில் நடக்கும்போது அது வேறு மாதிரி கேட்கிறது.

"உன் அடி" என்றார் அவர். அவளுடைய அடி. பிரவுனுக்கு வெளியே, மேட்டுச் சரிவில் பந்து. டப்பா, துண்டு, மணிக்கட்டு, உள்ளங்கை. கண்ணுக்குள் வேர்வை இறங்கியது; அதைக் கையால் துடைக்கக் கூடாது, தோளில் துடைக்க வேண்டும். துடைத்தாள். பேன்ட்டில் கையைத் தேய்க்கக் கூடாது, துணியின் ஈரமும் உப்பும் கைக்கு வந்துவிடும். முகப்பவுடர் கூடாது, வழுக்கும். சாக்கட்டித் தூள் கொஞ்சம், ஊதிவிட வேண்டும். மட்டைப் பிடியின் ரப்பரை முந்தின நாளே சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். காலையில் வெந்நீரில் தேயிலையைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு அதில் கையை ஊறவைக்க வேண்டும். எங்கேயோ படித்து வந்து இதையும் அவர்தான் செய்தார், தானே அடுப்பு பற்றவைத்து, சூடு பார்த்து. இத்தனை வழி தெரிந்த மனிதர். ஒரு கோப்பைக்காக ஒரு பெண்ணின் கையைக் காயவைக்க இத்தனை வழி தெரிந்த மனிதர், டாக்டரிடம் ஒரு வழியைக்கூடச் சொல்லவில்லை. குழாய் உடையும் என்றார். அவள் பந்தைத் தட்டினாள். அது உருண்டு பிரவுனில் ஏறி நின்றது. ஜெயசீலன், "மேடம் கைக்கு என்ன சார், இந்தப் புழுக்கத்துலயும் ஸ்திரமா நிக்குதே" என்றான். "பழக்கினா எது வராது?" என்றார் சங்கரலிங்கம். சிரித்தார். பெருமைதான் அது. சந்தேகமில்லாத பெருமை.

அப்படியானால் அந்தச் சாயங்காலம்? அந்தச் சாயங்காலத்தை என்ன செய்வது? மகள் தென்றல் விடுதிக்குப் போய், வீடு சத்தமில்லாமல் ஆகி, இனி என்ன என்று இருந்தபோதுதான் ஆஸ்பத்திரி அறிவிப்பைப் பார்த்தாள். நேர்காணலில் டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது; கடைசியில் அவர், "சந்தோஷம்மா, சொல்லி அனுப்பறேன்" என்றபோது முகமே சொல்லிவிட்டது. புது வெள்ளைக் கோட்டுக்குத் துணிகூடப் பார்த்து வைத்தாள். பிறகு ஆள் வந்து சொன்னான், இடமில்லையாம் என்று. அன்று அவர் ஆலையிலிருந்து சீக்கிரமே வந்தார். எப்படித் தெரிந்தது என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. வரும்போதே அல்வா வாங்கி வந்தார். அவள் சமையலறையில் நின்று அழுததைப் பார்த்துவிட்டுத் தன் கைக்குட்டையால் அவள் கைகளைத் துடைத்துவிட்டார். கண்ணை அல்ல, கையை. "அந்த பூபாலராயனுக்குக் கண்ணு எங்க இருக்கு? நீ இருந்திருந்தா அந்த லேப்புக்கே மரியாதை" என்றார். கோபமாகச் சொன்னார். அந்தக் கோபம் அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது. தனக்காக ஒருத்தர் கோபப்படுகிறார் என்று. அல்வாவைச் சாப்பிட்டாள். அவர் ஊட்டினார். மறுவாரம், "வீட்டுல கெடந்து ஏன் யோசிக்கற, வா, கோல்ஃப் கத்துக்கோ" என்றார். கற்றுக்கொண்டாள். மட்டை வாங்கித் தந்தார், தொப்பி வாங்கித் தந்தார், சாயங்காலமெல்லாம் பின்னால் நின்று தோளைத் திருப்பிவிட்டார். தனக்கு வாழ்க்கையில் கிடைத்த பெரிய அன்பு என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டது அதைத்தான்.

எட்டாவது குழி சின்னது. அவர் முதலில் அடித்தார், பந்து பிரவுனுக்கு முன்னால் விழுந்தது, அவள் தட்டிவிட்டாள், அவர் முடித்தார். எதிர் ஜோடியும் அதே கணக்கில் முடித்தது. இன்னும் சமம். இடையில் யாரோ மோர் கொடுத்தார்கள், குடித்தாள். அவள் நினைப்பு அங்கே இல்லை, டாக்டர் வீட்டு வாசலில் இருந்தது. அந்த மனிதரை என்ன பாடு படுத்தியிருக்கிறாள். கடைவீதியில் எதிரே வந்தால் தெருவைக் கடந்துவிடுவாள். கிறிஸ்துமஸுக்கு அவரும் அவர் மனைவியும் பலகாரத் தட்டோடு வந்து வாசலில் நின்றபோது, உள்ளேயிருந்து தலைவலி என்று சொல்லி அனுப்பினாள். ஒரு தடவை அல்ல, வருஷா வருஷம். அவர் மனைவி இறந்தபோதுகூடக் கும்பலோடு போய் நின்றுவிட்டு, அவர் கிட்டே வந்ததும் விலகிவிட்டாள். அவரோ ஒவ்வொரு தடவையும், "நல்லாயிருக்கியாம்மா" என்பார். எந்தப் பெண் தனக்கு இஷ்டமில்லை என்று புருஷனிடம் சொல்லி அனுப்பினாளோ, அவள் ஏன் தன்னிடம் முகத்தைத் திருப்புகிறாள் என்று அந்த மனிதருக்குப் புரிந்தே இருக்காது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மரியாதை. வெள்ளிக்கிழமை விழாவுக்கும் அவள் போகவில்லை. "நீ போகணும்னு இல்ல, நான் தலையைக் காட்டிட்டு வரேன்" என்று இவர் போய்விட்டு வந்தார். வந்து, சாப்பாடு சுமார் என்றார்.

இங்கே வந்து நினைப்பு முடிச்சு விழுந்து நின்றது. குழாய் உடையும் என்றது பொய். அது போகட்டும். ஆம்பளைகளுக்கு ஒரு பயம், வீட்டில் விளக்கு எரியாது, காபி இருக்காது என்று. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள், இரண்டு நாள் பேசாமலிருந்திருப்பாள், ஒருவேளை ஒத்துக்கொண்டும் இருப்பாள். அவளுக்கே இஷ்டமில்ல என்றாரே, அதை எப்படி விடுவது? அவள் வாயை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார். அவளுடைய கையை, யாருக்கும் காட்டாமல் இத்தனை வருஷம் மறைத்து வைத்த கையை, ஒருத்தரிடம் மட்டும் விரித்துக் காட்டியதை, எடுத்துக் கொண்டுபோய் மேஜையில் போட்டிருக்கிறார். அப்படியென்றால் வேறு எங்கே எங்கே? பாட்டு வகுப்பு லட்சுமி ஏன் கூப்பிடுவதை நிறுத்தினாள்? பாளையங்கோட்டையில் கூடப் படித்த மெர்சி மாதம் தவறாமல் போன் பண்ணுவாளே, ஏன் நின்றது? அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாளே வரச்சொல்லாமல் ஏன் அன்றைக்குக் காலையில் வந்தால் போதும் என்றார்கள்? அவளுக்குக் கூட்டம் ஆகாது, அவளுக்கு அலைச்சல் ஆகாது, அவளுக்கே இஷ்டமில்ல. எத்தனை வாசலில் அவள் பெயரால் ஒரு 'வேண்டாம்' போய் நின்றிருக்கிறது? எதுவுமே நடந்திருக்காது. எல்லாமே நடந்திருக்கலாம். இனி எதையும் நம்பவும் முடியாது, சந்தேகித்து முடிக்கவும் முடியாது. தனக்கு டைபாய்டு வந்தபோது ராப்பகலாக உட்கார்ந்திருந்தாரே, அதைக்கூட இனி எடுத்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். அதுதான் தாங்கவில்லை. ஒரு பொய் இருந்த இடத்தில் மட்டும் ஓட்டை விழுந்திருந்தால் தைத்துவிடலாம். இது துணி முழுக்க இழையாக ஓடியிருக்கிறது.

ஒன்பதாவது, கடைசிக் குழி. ஆட்டமேட்டில் ஏறும்போது கிருபை பக்கத்தில் வந்தாள். "கிருபை, டாக்டர் ஊருக்குப் போயிட்டாரா?" என்று கேட்டாள் மங்கை. "இல்லக்கா, நாளைக்குத்தான் லாரி வருது. வீடெல்லாம் கட்டிப் போட்டு உக்காந்திருக்காங்க. ஏங்க்கா?" "சாயங்காலம் போய்ப் பாக்கணும்." "ஐயோ, சந்தோஷப்படுவாங்க. உங்களைப் பத்திக் கேட்டாங்க." மங்கை தலையாட்டிவிட்டுப் பந்தைக் குச்சியில் வைத்தாள். அடித்தாள். அவர் அடித்தார். அவள் அடித்தாள். சத்தங்கள் தூரத்திலிருந்து வருவது போல் வந்தன. பெரிய அரசமரத்தடியில் நாற்காலி போட்டு ஆட்கள் காத்திருந்தார்கள். கோப்பை மேஜையில் மினுமினுத்தது. கிருபையும் ஜெயசீலனும் முடித்துவிட்டார்கள். சங்கரலிங்கம் பிரவுனில் பந்தைத் தட்டினார், குழிக்கு ஒரு ஆள் நீளம் முன்னால் நின்றுவிட்டது. அவள் அடித்துப் பந்து குழியில் விழுந்தால் வெற்றி. அவர் மரப்பலகையை எடுத்து, பந்துக்கும் குழிக்கும் நடுவே கால் தடங்கள் கிடந்த எண்ணெய் மணலைப் பொறுமையாக இழுத்துச் சமப்படுத்தினார். வழவழப்பாக, நூல் பிடித்த மாதிரி. அவளுக்குப் பாதை போட்டுக் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. "பதறாதே. கையைப் பாத்துக்கோ" என்று காதருகில் சொல்லிவிட்டு விலகினார்.

அவள் கிளவுஸைக் கழற்றிக் கையைப் பார்த்தாள். காய்ந்திருந்தது. எட்டாவது குழிக்குப் பிறகு டப்பாவைத் திறக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. துண்டில்லை, தூளில்லை. நெற்றியிலும் முதுகிலும் ஆறாக ஓடுகிறது, உள்ளங்கை மட்டும் ரேகை ரேகையாக, அவளுடையதே அல்லாத மாதிரி, வெயிலில் கிடந்த இலை மாதிரி. வாழ்நாளெல்லாம் இந்தக் கைக்குப் பயந்தே இந்தக் கையை நனைத்துக்கொண்டிருந்தாளா? பயப்படுவதற்கு அதைவிடப் பெரியது ஒன்று வந்ததும் கை தன் பாட்டுக்குக் காய்ந்துவிட்டதா? தவறவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தவறவிட்டால் அவர் முகம் எப்படி ஆகும் என்று பார்க்கலாம். ஆனால் உடனே, அதற்கும் கைதான் காரணம் என்பார், கிளப்பில் உட்கார்ந்து சொல்வார், எல்லோரும் தலையாட்டுவார்கள் என்று தோன்றியது. இல்லை. இந்தக் கை நழுவாது. இது எப்போதும் நழுவியதில்லை. அவள் குனிந்து, மூச்சை விட்டுத் தட்டினாள். பந்து அந்த வழவழப்பில் உருண்டு குழியில் விழுந்தது.

மரத்தடியில் கைதட்டினார்கள். சங்கரலிங்கம் குழந்தை மாதிரி குதித்துக்கொண்டு வந்தார். "பாத்தியா! நான் சொன்னபடி செஞ்சா உன் கை ஏன் காயாது? இந்தக் கையை வச்சு என்ன வேணா செய்யலாம்!" என்றார். ஜெயசீலனுக்கும் கிருபைக்கும் கேட்கும்படியாகவே சொன்னார். "இதை ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?" என்றாள் மங்கை. "எந்த டாக்டர்கிட்ட?" என்றார் அவர். மூன்று குழி நேரமாக அவள் தயாராகியிருந்தாள்; மறுத்தால் என்ன சொல்வது, கோபப்பட்டால் என்ன சொல்வது, அழுதால் என்ன சொல்வது என்று. அவர் நடிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தார். கிருபையின் சிரிப்பு பாதியில் நின்று, அவள் மங்கையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மெல்ல மெல்ல அவள் முகத்தில் ஏதோ விளங்கிக்கொண்டு வந்தது. பிறகு அவருக்கும் ஞாபகம் வந்தது. வந்ததும் முகம் தெளிந்துவிட்டது; பெரிதாக ஏதோ என்று பயந்து, இவ்வளவுதானா என்று ஆன தெளிவு. "அட, பூபாலராயனா! அது எந்தக் காலத்துக் கதை. உன் நல்லதுக்குத்தானே சொன்னேன். இதையா இவ்வளவு நேரம் நெனச்சுக்கிட்டு வந்த? வா வா, போட்டோ எடுக்கக் கூப்பிடறாங்க" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு மரத்தடிக்கு நடந்தார்.

நாலைந்து அடி அவளும் கூட நடந்தாள். மேஜையருகில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே நின்றாள். கையை எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். ஈரக் கையாக இருந்திருந்தால் யாருக்கும் தெரியாமல் நழுவி வந்திருக்கும். காய்ந்த கை. எல்லோரும் பார்க்க, பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது.